பிட்ஸ்பர்க்கில் வீடு உண்மையிலேயே மலிவா? சென்சஸ் எண்களும் கைக்கு வரும் கணக்கும்

புதுஊர்:
பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரம் பற்றிச் சென்சஸ் தளத்தில் பார்த்தால் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடித்தனத்தின் வருமானம்) ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டி நிற்கிறது. வீட்டு மதிப்பு நாட்டின் இடைநிலையைவிட வெகுவாகக் கீழே. ஆனால் வாடகை விளம்பரங்களில் கேட்கிற தொகை சென்சஸ் காட்டும் வாடகையைவிடச் சில நூறு டாலர் கூடுதல். சுற்றுப்புற ஊர்களில் வருமானம் சட்டென்று ஏறுகிறது. 1950-ல் 6,76,806 பேர் இருந்த நகரத்தில் 2020-ல் 3,02,971 பேர்தான். இவ்வளவு காலியான ஊரில் வாடகை ஏன் ஏற வேண்டும்? 2,50,000 டாலர் வீட்டுக்கு எவ்வளவு வருமானம் வேண்டும்? "மலிவு" என்று எல்லோரும் சொல்வதை நம்பலாமா?

எண்ணும்எழுத்தும்:
எண்கள் பொய் சொல்லவில்லை, நீங்கள் எடுத்த அட்டவணைதான் உங்கள் கேள்விக்குரியது அல்ல. சென்சஸ் தளத்தில் ஒவ்வோர் அட்டவணைக்கும் ஓர் எண் உண்டு; நீங்கள் பார்த்த பி19013 என்பது குடித்தனங்களின் இடைநிலை வருமானம். பல்கலைக்கழகப் பகுதியான ஓக்லாந்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு வீட்டை நான்கு மாணவர்கள் சேர்ந்து எடுத்தால் அதுவும் ஒரு குடித்தனம்தான். பகுதி நேர வேலை, பெற்றோர் அனுப்பும் பணம். அந்தப் பணம் வருமானக் கணக்கில் பெரும்பாலும் முழுதாக ஏறுவதில்லை. பல்கலைக்கழக விடுதிக்குள் இருப்பவர்கள் கதை வேறு. அவர்கள் "குழு வசிப்பிடம்" என்ற தலைப்பில் போவதால் வருமான அட்டவணையில் வர மாட்டார்கள், ஆனால் மக்கள்தொகையிலும் வயதுக் கணக்கிலும் வருவார்கள். நகரத்தின் இடைநிலை வயது 33-ஐ ஒட்டி இளமையாகத் தெரிவதற்கும், நகரமும் சுற்றுப்புற ஊர்களும் அடங்கிய அலகெனி கவுன்டி 40-ஐத் தாண்டி நிற்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே பி19049-ஐப் பாருங்கள். குடித்தனத் தலைவரின் வயது வாரியாக வருமானம் தரும்: 25-க்குக் கீழ், 25–44, 45–64, 65-க்கு மேல். உங்களை ஒத்தவர்கள் எந்த வரிசையில் வருகிறார்களோ அதைத்தான் ஒப்பிட வேண்டும். அடுத்து பி25119. சொந்த வீட்டுக்காரர் வருமானம் தனி, வாடகைக்காரர் வருமானம் தனி. நகரத்தில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால் இரண்டையும் கலந்த ஒற்றை எண் யாருடைய வருமானத்தையும் சரியாகச் சொல்வதில்லை.

வாடகை பொருந்தாததற்கு வருகிறேன். பி25064 காட்டுவது "மொத்த வாடகை", அதாவது மின்சாரம், எரிவாயு, தண்ணீர் சேர்த்து. அப்படியிருந்தும் விளம்பரத்தைவிடக் குறைவாக இருக்கக் காரணம், பத்து ஆண்டுகளாக அதே வீட்டில் பழைய வாடகைக்கு இருப்பவர்களும் மானிய வீடுகளில் இருப்பவர்களும் அதில் அடக்கம். விளம்பரம் இன்று காலியாக இருக்கும் வீட்டின் விலை. இரண்டும் வேறு வேறு சந்தை. வீட்டு மதிப்பு பி25077-ம் அப்படித்தான். அது விற்பனை விலை அல்ல, "உங்கள் வீட்டை விற்றால் எவ்வளவு போகும்" என்ற கேள்விக்கு உரிமையாளர் சொன்ன பதில். நாற்பது ஆண்டுகளாக வீட்டை விற்க நினைக்காத ஒரு பாட்டி சொல்லும் தொகை எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, ஐந்தாண்டு மதிப்பீடு. 2019–2023 என்று போட்டிருந்தால் அது 2023-ன் நிலவரம் இல்லை, ஐந்து ஆண்டு பதில்களின் கலவை. டாலர் தொகைகளைக் கடைசி ஆண்டின் விலைவாசிக்கு ஏற்றிச் சரிசெய்திருப்பார்கள், ஆனால் 2021-க்குப் பிறகான வாடகை ஏற்றம் அதில் முழுதாகத் தெரியாது. 65,000 பேருக்கு மேல் உள்ள ஊர் என்பதால் பிட்ஸ்பர்க்குக்கு ஓராண்டு மதிப்பீடும் கிடைக்கும், அதை எடுங்கள். 2020-க்கு மட்டும் வழக்கமான ஓராண்டு வெளியீடு இல்லை.

வட்டார அளவில், அதாவது டிராக்ட் எனும் சென்சஸின் சிறு பகுதி அளவில் இறங்கினால் பிழை வரம்பைப் பார்க்காமல் எதையும் சொல்லாதீர்கள்; எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டு எடுத்த எண்கள் இவை. உதாரணத்துக்கு ஒரு டிராக்டில் வருமானம் 48,000, பிழை வரம்பாகக் கூட்டிக் கழிக்க 14,000. பக்கத்து டிராக்டில் 60,000, கூட்டிக் கழிக்க 9,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரம்புகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 16,600. வித்தியாசமோ 12,000. ஆக அந்த இரண்டு இடங்களில் எது பணக்கார இடம் என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது. வரைபடத்தில் ஒன்று அடர்நீலமாகவும் மற்றொன்று வெளிர்நீலமாகவும் இருக்கும், அவ்வளவுதான்.

மில்கணக்கு:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்த ஊரில் பணம் போகிற இடம் வரி. அலகெனி கவுன்டியில் 130 உள்ளாட்சிகள், 43 பள்ளி மாவட்டங்கள். தெரு தாண்டினால் வரி மாறும்.

முதலில் சம்பள வரி. பென்சில்வேனியா மாநில வரி எல்லோருக்கும் 3.07 சதவீதம். அதன்மேல் உள்ளூர் வருமான வரி. பிட்ஸ்பர்க் நகரவாசிக்கு 3 சதவீதம் (நகரத்துக்கு 1, பள்ளிக்கு 2), பெரும்பாலான புறநகர்களில் 1 சதவீதம், மவுன்ட் லெபனானில் 1.3. ஆண்டுக்கு 1,00,000 டாலர் சம்பாதித்தால் நகரத்துக்குள் 3,000, வெளியே பல இடங்களில் 1,000. வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு: 401கே எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் நீங்கள் போடும் பணத்துக்கு ஃபெடரல் வரி விலக்கு கிடைக்கும், பென்சில்வேனியா மாநில வரியிலும் உள்ளூர் வரியிலும் கிடைக்காது. ஓபிடி-யில் (படிப்பு முடிந்ததும் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) இருக்கும் வெளிநாட்டு மாணவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் இல்லை என்பதால் உள்ளூர் வரியும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, அது உண்டு.

அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள். 15228 என்ற அஞ்சல் எண்ணுக்கு "பிட்ஸ்பர்க்" என்றுதான் கடிதம் வரும், ஆனால் மவுன்ட் லெபனான் தனி உள்ளாட்சி. 15235-ல் வரும் பென் ஹில்ஸும் அப்படியே (பெருமாள் கோவில் இருக்கும் ஊர், கோவில் முகவரியைப் பார்த்து அதை நகரம் என்று எண்ணுபவர்கள் உண்டு). சம்பளப் பிரிவு "பிட்ஸ்பர்க்" என்ற சொல்லைப் பார்த்து நகர விகிதத்தில் 3 சதவீதம் பிடித்துவிடும். வேலையில் சேரும் நாளில் தரும் குடியிருப்புச் சான்றுப் படிவத்தில் உள்ளூர் வரி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று காட்டும் ஆறு இலக்க பிஎஸ்டி எண் இருக்கும். தெரு முகவரியை மாநிலத் தளத்தில் போட்டு நீங்களே எண்ணை எடுத்து நிரப்புங்கள். முதலாளி வேறு மாநிலத்தில் இருந்து உள்ளூர் வரி பிடிக்கவில்லை என்றால் காலாண்டுக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும், இல்லையென்றால் வட்டியோடு வரும்.

அடுத்து சொத்து வரி. ஒரு மில் என்பது மதிப்பீட்டில் ஆயிரத்துக்கு ஒரு டாலர். 2025-ல் கவுன்டி 6.43 (முந்தைய ஆண்டு வரை 4.73, ஒரே தாவலில் 36 சதவீத ஏற்றம்), நகரம் 8.06, நூலகத்துக்கு 0.25, பூங்காக்களுக்கு 0.5, பள்ளி 10.25. மொத்தம் 25.49. ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் முடிந்ததும் விகிதங்களை மறுபடி பாருங்கள்.

சிக்கல் விகிதத்தில் இல்லை, மதிப்பீட்டில். கவுன்டி இன்னமும் 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்திருக்கிறது. விளம்பரத்தில் "ஆண்டு வரி 2,549" என்று போட்டிருந்தால் 1,00,000 டாலர் மதிப்பீட்டுக்கான வரி அது. நீங்கள் 2,50,000 கொடுத்து வாங்கியதும் பள்ளி மாவட்டம் மேல்முறையீடு செய்யலாம். அப்போது விற்ற விலையைப் பொது விகிதத்தால் (இன்றைய விலையைப் பழைய அடிப்படை ஆண்டு மதிப்பீட்டுக்கு இறக்கும் விகிதம்) பெருக்குவார்கள். 2025-க்கு அது 52.7 சதவீதம். 1,31,750 டாலர் மதிப்பீடு, வரி 3,358. பக்கத்து வீட்டுக்காரர் பழைய வரியே கட்டுவார். உள்ளூரில் இதற்குப் பெயரே "புதுக்குடி வரி". உங்கள் வங்கி எஸ்க்ரோவில் (வரிக்கும் காப்பீட்டுக்கும் மாதாமாதம் வாங்கிவைக்கும் கணக்கு) பழைய தொகையை வைத்துத்தான் மாதத் தவணை போட்டிருக்கும், ஓராண்டு கழித்துப் பற்றாக்குறைக் கடிதம் வரும். ஆகவே விளம்பர வரியை விட்டுவிட்டு, விலை × விகிதம் × மில் என்று நீங்களே போடுங்கள். அதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பும். 1,60,000 என்று மதிப்பிட்ட வீட்டை 2,50,000-க்கு வாங்கியிருந்தால் குறைக்கச் சொல்லி நீங்கள் மேல்முறையீடு செய்யலாம்.

நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் சொத்து வரிச் சலுகைக்கான ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் மார்ச் 1-க்குள். விற்றவருடைய சலுகை உங்களுக்குத் தானாக வராது.

க்ளோசிங் அன்று, அதாவது வீடு கைமாறும் நாளில், சொத்து மாற்று வரி. நகரத்தில் மொத்தம் 5 சதவீதம், வழக்கமாக வாங்குபவரும் விற்பவரும் பாதிப்பாதி. 2,50,000-க்கு உங்கள் பங்கு 6,250. புறநகர்களில் பெரும்பாலும் மொத்தமே 2 சதவீதம்தான், பங்கு 2,500.

வருமானம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு: 20 சதவீதம் முன்பணம், 2,00,000 கடன், 6.5 சதவீதம், 30 ஆண்டு என்றால் மாதம் 1,264. வரி 280, காப்பீடு 120 என்று வைத்தால் 1,664. வருமானத்தில் 30 சதவீதம் என்ற வழக்கமான வரம்புக்கு ஆண்டு வருமானம் ஏறக்குறைய 66,500. முன்பணம் 5 சதவீதம்தான் என்றால் கடன் காப்பீட்டுக்கு ஒரு நூறு சேர்த்து மாதம் 2,000, வருமானம் 80,000. நகரத்துக்குள் என்றால் அந்த 3 சதவீதத்தையும் மனதில் வையுங்கள், 30 சதவீத வரம்பு அதைப் பார்ப்பதில்லை.

செங்கல்சூளை:
அந்த 1,664-ல் பழுதுக்கு ஒரு டாலர்கூட இல்லை. நகரத்து வீடுகளில் பாதியளவு 1940-க்கு முன் கட்டியவை. 15,000 டாலர் தனியாக ஒதுக்க முடியாதவர் அப்படிப்பட்ட வீட்டை வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

வழக்கமான பரிசோதனையோடு கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விடச் சொல்லுங்கள். சில நூறு டாலர்தான். வீட்டிலிருந்து தெருக் குழாய்வரை உரிமையாளர் பொறுப்பு. பழைய வீடுகளில் அது சுட்ட மண் குழாய், இரண்டடி, மூன்றடி துண்டுகளாக இணைத்தது. இணைப்புகளில் மரவேர் நுழையும், மண் சரிந்தால் துண்டுகள் விலகும். சாலையைத் தோண்ட வேண்டி வந்தால் பத்தாயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

நகரிலும் சுற்றியுள்ள பல ஊர்களிலும் விற்பனைக்கு முன் சாயச் சோதனை கேட்பார்கள். கூரை நீர்க் குழாயில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிச் சாக்கடையில் நிறம் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் மழைநீர் கழிவுநீர்க் குழாயில் இணைந்திருக்கிறது, பிரிக்க வேண்டும். அந்தச் செலவு விற்பவருடையது என்று ஒப்பந்தத்தில் போடுங்கள்.

பீங்கான் குமிழ்களில் தாங்கி ஓடும் பழைய மின்கம்பி இருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்காது. ரேடான் (மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு) 48 மணி நேரச் சோதனை, லிட்டருக்கு 4 பிகோகியூரிக்கு மேல் வந்தால் விசிறி வைக்க ஆயிரம் டாலரை ஒட்டி. அடித்தளத்துக்குக் கீழே பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறதா என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறைத் தளத்தில் முகவரி போட்டுப் பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு சுரங்கச் சரிவுக்குப் பணம் தராது, மாநிலமே தனிக் காப்பீடு விற்கிறது, பிரீமியம் அதிகமில்லை. மலைச்சரிவு அதிலும் வராது. செங்குத்தான தெருவில் தாங்குசுவர் வயிறு தள்ளி நின்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் நடையைக் கட்டுங்கள்.

தரையடி அறையின் நடுவே சுவர்கூட இல்லாமல் ஒற்றைக் கழிப்பறை நின்றால் பயப்படாதீர்கள். அது இந்த ஊர் வழக்கம், பழுது இல்லை.

புதுஊர்:
நன்றி. ஆள் குறைந்த ஊரில் வாடகை ஏறுவது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

மூன்றுநதி:
ஆள் குறைந்த அளவுக்குக் குடித்தனம் குறையவில்லை. அன்று ஐந்து பேர் இருந்த வீட்டில் இன்று ஒருவரோ இருவரோ. ஆள் இல்லாமல் போன வீடுகளில் நிறைய இடிபட்டன, மிச்சம் பல குடியிருக்க லாயக்கில்லாமல் நிற்கின்றன. காலி வீடு வேறு, வாடகைக்குத் தயாரான வீடு வேறு. நகரத்தின் ஒரு பகுதியான ஹோம்வுட்டில் சன்னல் அடைத்த வீடு, இன்னொரு பகுதியான லாரன்ஸ்வில்லில் வாடகையைக் குறைக்காது.

1980-களின் தொடக்கத்தில் எஃகு ஆலைகள் மூடியபோது வெளியேறியது இருபது முப்பது வயதுக்காரர்கள். பெற்றோர் இங்கேயே தங்கினார்கள். பேரப்பிள்ளைகள் வேறு ஊரில் பிறந்தார்கள். அதனால்தான் பிட்ஸ்பர்க் பெருநகரப் பகுதியில் பல ஆண்டுகளாகவே பிறப்பைவிட இறப்பு அதிகம். கவுன்டியில் ஐந்தில் ஒருவர் 65-க்கு மேல். அவர்களில் கடன் முடிந்த வீட்டுக்காரர் பலர். ஓய்வூதியத்துக்கும் சோஷியல் செக்யூரிட்டிக்கும் பென்சில்வேனியா வரி போடுவதில்லை, உள்ளூர் வரியும் சம்பாதித்த வருமானத்துக்கு மட்டும்தான். சென்சஸில் 35,000 டாலர் என்று ஏழையாகத் தெரியும் அந்தக் குடித்தனம் நிம்மதியாக இருக்கும், 60,000 சம்பாதிக்கும் வாடகைக்காரர் திணறுவார். செங்கல்சூளை சொன்ன மண் குழாயும் பழைய கம்பியும் இதோடு சேர்ந்ததுதான். வாரிசுகள் விற்கும் வீடு பெரும்பாலும் ஐம்பது ஆண்டு கை வைக்காத வீடு. விலை குறைவு என்பதில் பாதி அந்தப் பழுதின் விலை.

புதுத் தேவை எல்லா இடத்திலும் விழவில்லை, கிழக்குப் பக்கம் குவிந்தது. 2009-ல் குழந்தைகள் மருத்துவமனை லாரன்ஸ்வில்லுக்கு வந்தது. 2010-ல் பழைய நாபிஸ்கோ பிஸ்கட் ஆலையில் கூகுள் அலுவலகம் திறந்தது. அங்கே ஏறிய வாடகை யாரை நகர்த்தியது என்பதையும் பார்க்க வேண்டும். 2010-க்கும் 2020-க்கும் இடையில் நகரம் இழந்த கறுப்பின மக்கள் மட்டும் சுமார் பத்தாயிரம் பேர். நகரத்தின் மொத்தக் குறைவோ 2,733தான். அதாவது மற்றவர்கள் கூடியிருக்கிறார்கள். 2019-ல் லாரன்ஸ்வில்லில் ஒரு திட்டத்தில் 20 வீடுகளோ அதற்கு மேலோ கட்டினால் பத்தில் ஒன்றைக் குறைந்த வருமானத்தாருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி போட்டதற்கு இந்த நெருக்கடிதான் பின்னணி.

எண்ணும்எழுத்தும் சொன்னதில் ஒரு திருத்தம். மாணவர்களைக் கழித்துவிட்டு வருமானத்தைப் பார்க்கலாம், வாடகையைப் பார்க்கும்போது கழிக்கக் கூடாது. ஓக்லாந்து, ஷேடிசைட், ஸ்குரல் ஹில் பகுதிகளில் விலையை நிர்ணயிப்பதே அவர்கள்தான். மூன்று பேர் ஆளுக்கு 800 என்று கொடுக்கும் வீட்டுக்கு ஒரு குடும்பம் தனியாக 2,400 கொடுக்க வேண்டும்.

எண்ணும்எழுத்தும்:
ஏற்றுக்கொள்கிறேன். படுக்கையறை எண்ணிக்கை வாரியாக வாடகை தரும் பி25031-ஐ எடுத்தால் அந்த மூன்று படுக்கையறை வீடுகளின் விலை தனியாகத் தெரியும்.

மில்கணக்கு:
வாடகைக்கு வருவதானால் நாளைக் கவனியுங்கள். பல்கலைக்கழகப் பகுதிகளில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்ட்டில் தொடங்கும், நல்ல வீடுகள் குளிர்காலத்திலேயே பேசி முடிந்துவிடும். தண்ணீர், கழிவுநீர்க் கட்டணம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பல வீட்டுக்காரர்கள் வாடகைக்காரர்மேல் போடுகிறார்கள். வைப்புத் தொகை முதல் ஆண்டு அதிகபட்சம் இரண்டு மாத வாடகை, இரண்டாம் ஆண்டு முதல் ஒரு மாதம்தான். மீதியைத் திருப்பிக் கேட்கலாம், மாநிலச் சட்டம் அது. காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுங்கள். பணத்தையோ சேதப் பட்டியலையோ தர அவர்களுக்கு 30 நாள்.