புதுப்பிப்பு: கிளாசிக் 350-இல் செனான் விளக்கு

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கின் ஹெட்லைட்டில் 60/55 வாட் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு 35 வாட் செனான் கிட் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டுப் பார்த்தாயிற்று. ரிலே (விளக்குக்கான மின்னோட்டத்தைத் தாங்கும் தனி மின் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தோம். வெளிச்சம் பிரமாதம்தான், ஆனால் லோ பீமிலேயே எதிரே வருபவர் கண் கூசுகிறது. ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழைக்கென்று வடிவமைத்தது. செனானில் ஒளி தருவது இழையல்ல, இரு முனைகளுக்கிடையே எரியும் மின்வில்; அதன் வடிவமே வேறு, ஒளி கண்டபடி சிதறுகிறது. விளக்கைத் தாழ்த்தினால் தூரம் தெரியவில்லை. ஒளியைக் குவித்து மேலே சிதறாமல் வெட்டும் புரொஜெக்டர் லென்ஸ் இல்லாமல் சரிப்படாது. முழு வெளிச்சம் வரச் சில வினாடிகள் வேறு ஆகிறது. அப்புறம், 6000 கெல்வின் (ஒளியின் நிற அளவு, கூடக்கூட நீலம்) வாங்கலாமா என்று கேட்டவருக்கு: நீலம் பார்க்கத்தான் அழகு, 4300-இல்தான் ஒளி அதிகம். இப்போதைக்கு ஹாலஜனையே திரும்ப மாட்டி, ரிலேவை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஒயரில் வோல்டேஜ் இழப்பு குறைந்ததால் அதே பல்பு முன்னைவிடப் பளிச்சென்று எரிகிறது.