டெல்லி–சான் பிரான்சிஸ்கோ: தூரம் கூடியது, நேரம் குறைந்தது

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானத்தில் போகிறவர்கள், முன் இருக்கைத் திரையில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்ப்பதை விட அது சுவாரசியம். பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12,400 கிலோமீட்டர்தான். அந்த நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். நான் போன விமானமோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கிழக்கே போய், ஜப்பானைத் தாண்டி, பசிபிக்கின் மேல் பறந்தது.

ஏர் இந்தியா இந்த வழிக்கு மாறியது 2016 அக்டோபரில். அதற்கு முன் அட்லாண்டிக் பக்கமாகப் போனார்கள். புது வழியில் அதை விட 1,400 கிலோமீட்டர் கூடுதல், மொத்தம் ஏறக்குறைய 15,300. ஆனால் விமானம் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கியது, பழைய வழியை விட இரண்டு மணி நேரம் முன்னதாகவே!

காரணம் காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று, குளிர்காலத்தில் இன்னும் வேகம் பிடிக்கும். ஜப்பான் நெருங்க நெருங்கத் திரையில் வேகம் மணிக்கு 900, 1,000 கிலோமீட்டர் என்று ஏறி 1,100-ஐயும் தொட்டதை நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காற்று தள்ளிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயம், நியூயார்க்–லண்டன் விமானம் ஒன்று ஐந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததும் இதே காற்றின் தயவில்தான்.

திரும்பி வரும்போது அதே வழியில் வந்தால் அந்தக் காற்று எதிரே நிற்கும். அதனால் வரும் வழி வேறு, பெரும்பாலும் நேரமும் கூடுதல். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவம் வழியாக ஓட்டி வந்தார்களே, அதற்குச் சுமார் 17 மணி நேரம் ஆனது.

காற்று மட்டும் இல்லை, வானம் திறந்திருக்கிறதா என்பதும் உண்டு. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடியதும், பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போகும் பயணம் ஒன்பது மணி நேரத்துச் சொச்சத்திலிருந்து பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கிட்டத்தட்ட நாலு மணி நேரம் கூடுதல்.

என் அம்மாவை அழைத்துப் போனபோது இதெல்லாம் எனக்கு வெறும் தகவலாக இல்லை. கால் வீங்குகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் என்பது பெரிய விஷயம். நடைபாதை ஓர இருக்கை வாங்கி, அவ்வப்போது எழுந்து நடக்கச் சொன்னேன். நீங்களும் பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டும்போது தேதி ஒரு நாள் பின்னே போவதால், டெல்லியில் விடியற்காலை ஏறினால் அங்கே அதே தேதி காலையிலேயே இறங்கிவிடுவீர்கள். கூட்டிப் போக வருகிறவர் மறுநாள் என்று நினைத்திருப்பார். தேதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.