தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ப்ரோபயாடிக் சொட்டு மருந்து தேவையா?

பெரம்பூர்த் தாய்:
என் மகளுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறாள். குடலில் நல்ல பாக்டீரியாக்கள் பெருக ப்ரோபயாடிக் சொட்டு மருந்து வேண்டும் என்கிறார் நாத்தனார். உரை மருந்தும் சிறிது தேனும் போதும் என்கிறார் மாமியார். அந்தப் பாக்டீரியாக்களுக்கு உண்மையில் எதுதான் உணவு?

நுண்ணுயிரியல் ஆசிரியர், தாம்பரம்:
அந்த உணவு உங்கள் பாலிலேயே இருக்கிறது. தாய்ப்பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மிகுந்திருப்பவை ஆலிகோசாக்கரைடுகள் என்னும் சிறு சர்க்கரைச் சங்கிலிகள். சீம்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராமுக்கு மேலும், பின்னர் சுரக்கும் பாலில் 5 முதல் 15 கிராம் வரையும் உள்ள இவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது என்பதுதான் வியப்பு. பெருங்குடலை அப்படியே சென்றடையும் இவற்றை பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் உண்டு, அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் வெளியிடுகின்றன; அதனால் அங்கே அமிலத்தன்மை கூடி, தீங்கு செய்யும் பாக்டீரியாக்கள் பல பெருக முடியாமல் போகின்றன. பசும்பாலில் இவை மிகக் குறைவு.

அண்ணாநகர்ப் பாட்டி:
மாமியார் வருந்தினாலும் பரவாயில்லை, ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. அதில் பொட்டுலிசம் என்னும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கடும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். உரைகல்லை நாம் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும்.

நுண்ணுயிரியல் ஆசிரியர், தாம்பரம்:
சொட்டு மருந்தைப் பற்றி: குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட குழந்தைக்கும் அது தேவையா என்பதைக் குழந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நலமாகப் பால் குடித்து, எடை கூடிவரும் குழந்தைக்கு நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். 6 மாதத்துக்குப் பிறகு கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு என்று தொடங்கும்போது, நார்ச்சத்தை உண்ணும் வேறு பாக்டீரியாக்களும் படிப்படியாகக் குடியேறும்.