பெக்கேஜ் மாத்த முதல்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கேம் ஆடுறாக்களுக்கு

மீன்பாடும் பிங்:
"லெக் அடிக்குது (கேம் சுணங்கி இழுபடுது), எந்தப் பெக்கேஜ் நல்லம்" எண்டுதான் எல்லாரும் கேக்கிறியள். பெக்கேஜைக் கொஞ்சம் ஆறப் போடுங்க. பப்ஜியோ வலோரன்டோ ஓடுறதுக்குச் செக்கனுக்கு ஒரு மெகாபிட் கூடத் தேவையில்ல. 10 எம்பிபிஎஸ் லைனை 100 ஆக்கினா டவுன்லோட் கெதியா முடியும், அவ்வளவுதான். கேமில நீங்க சுடுற சூடு முந்திப் போகாது.

"கொழும்பில இருக்கிறவன் கேம் சேர்வருக்கு எங்களை விடக் கிட்ட" எண்ட கதையும் சரியில்ல. ஃபைபருக்குள்ள வெளிச்சம் செக்கனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர் ஓடுது. மட்டக்களப்பில இருந்து கொழும்புக்கு 300 சொச்சம் கிலோமீற்றர். போய் வர 3, 4 மில்லிசெக்கன். அதுக்குள்ள ஒருத்தனும் செத்துப் போறதில்ல. கொழும்பில இருந்து சேர்வர் நிக்கிற சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள்ல 3,000 கிலோமீற்றர் எண்டு வச்சாலும் போய் வர 30. நடுவில நிக்கிற பெட்டிகளையும் சேர்த்துப் பிங் (போய் வாற நேரம், மில்லிசெக்கன்ல) 50, 60 காட்டினா லைன்ல பிழை இல்ல. மற்றச் சேர்வர் நிக்கிற மும்பை வரைபடத்தில கிட்டத்தான். ஆனா உங்கட கொம்பனியின்ட பாதை சிங்கப்பூர் சுத்தி மும்பைக்குப் போகுதெண்டா அங்க நூறுக்கு மேல காட்டும். வலோரன்ட்ல ரெண்டு சேர்வருக்கும் நேர எண் காட்டும். வரைபடத்தைப் பார்க்காதீங்க, அந்த எண்ணைப் பாருங்க.

இனி விஷயத்துக்கு வாறன். 70ல அசையாம நிக்கிற பிங்கில நல்லா விளையாடலாம். 40க்கும் 200க்கும் நடுவில ஊஞ்சல் ஆடுற பிங்கிலதான் ஒண்டும் ஏலாது. அது எங்க ஆடுதெண்டு பிடிக்கிறது லேசு. கொம்பியூட்டர்ல கறுப்புக் கட்டளைப் பெட்டி (cmd) ரெண்டு திறவுங்க. ஒண்டில ரவுட்டரின்ட முகவரிக்கு நிக்காத பிங் (ping -t), அதாவது 192.168.1.1 அல்லது 192.168.8.1. மற்றதில 1.1.1.1க்கு, அது வெளியால இருக்கிற பொதுச் சேர்வர். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, இரவு எட்டு மணிக்கு ஒருக்கா, விடிய ஆறு மணிக்கு ஒருக்கா, பத்துப் பத்து நிமிஷம் ஓட விடுங்க. ரவுட்டருக்குப் பிங் போற பெட்டியிலேயே 1, 2 எண்டு வராம 80, 150 எண்டு துள்ளினா பிழை உங்கட வீட்டு வைஃபை. ரவுட்டர் 2ல நிக்க வெளியால போறது மட்டும் துள்ளினா லைன் அல்லது டவர். விடிய நல்லா ஓடி இரவில துள்ளினா டவர்ல ஆக்கள் கூடிப்போச்சு.

தயிர்ச்சட்டி:
மச்சான், ஜிடிஏ 6 வர முதல் என்ட லைன் சரியாகுமா?

மீன்பாடும் பிங்:
5 வந்தது 2013 செப்டம்பரில. 6 முதல்ல 2025 எண்டாங்க, மறுகா 2026 மே எண்டாங்க, மறுகா நவம்பர் 19 எண்டாங்க. உன்ட லைன் அதுக்கு முதல் சரியாகும்கா. ஆனா ரவுட்டரை அலுமாரிக்குள்ள இருந்து வெளியால எடு.

கல்முனை நானா:
4ஜி பெட்டி வச்சிருக்கிறாக்களுக்கு நான் சொல்றன். கோடு எத்தனை நிக்குதெண்டு பார்க்கிறதை விடுங்க. ரவுட்டர்ப் பக்கத்துக்குள்ள போனா ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எண்டு ரெண்டு எண் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி சிக்னல் எவ்வளவு வருதெண்டு சொல்லும்: -90க்கு மேல நல்லம், -110க்குக் கீழ போனா கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் அந்தச் சிக்னல் எவ்வளவு சுத்தமா வருதெண்டு சொல்லும்: 20 எண்டா அருமை, 0க்குப் பக்கத்தில நிண்டா பாக்கெட் (அனுப்புற தரவுத் துண்டு) தொலையும். கேமுக்கு ரெண்டாவதுதான் முக்கியம். ஆர்எஸ்ஆர்பி -85 இருந்தும் எஸ்ஐஎன்ஆர் 3 எண்டா ரெண்டு டவருக்கு நடுவில பெட்டி திண்டாடுது. ஒரு முழம் தள்ளி வச்சு, கொஞ்சம் திருப்பி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்க. யன்னலுக்கு யன்னல் 10 மாறும்.

தகரக் கூரை வீடு எண்டா மேல் பக்கத்தால ஒண்டும் இறங்காது, சுவர்ப் பக்கத்தாலதான் வரும். அதனால பெட்டியைக் கூரைக்குக் கிட்ட ஏத்தி வைக்கிறது வீண் வேலை. யன்னல் மட்டத்தில, டவர்ப் பக்கம் பார்த்து வைங்க.

இப்ப அன்டெனா. இதிலதான் காசு கரையுது. கடையில 9 டிபி (சிக்னல் கூடிக் குறையிற அளவு) அன்டெனா எண்டு தருவாங்க, அதோட மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் 10 மீற்றர். அந்தக் கேபிள் 2300 மெகாஹேர்ட்ஸில மீற்றருக்கு ஒரு டிபி அளவு தின்னும். 10 மீற்றருக்கு 10 டிபி. அன்டெனா பிடிச்ச 9ஐயும் கேபிள் தின்டு, கையில இருந்த ஒண்டையும் தின்டிடும். கூரையில ஏறி வேர்த்ததுதான் மிச்சம். எல்எம்ஆர் 400 வகைத் தடிச்ச கேபிள்ல மீற்றருக்குக் கால் டிபிக்கும் குறையத்தான் போகும். விலை கூட, வளைக்கவும் கஷ்டம். காசு இல்லாட்டி மெல்லிய கேபிளே போடுங்க, ஆனா 3 மீற்றருக்கு மேல வேணாம். யன்னலுக்கு வெளியால அன்டெனா, உள்ள பெட்டி.

ரவுட்டருக்குப் பின்னால ரெண்டு ஓட்டை இருந்தா ரெண்டுக்கும் அன்டெனா வேணும். ரெண்டையும் நேர நிமித்தி வைக்காதீங்க. ஒண்டு இடப்பக்கம் 45 பாகை, மற்றது வலப்பக்கம் 45 பாகை, எக்ஸ் மாதிரி சரிச்சு வைங்க. மூட்டை நல்ல ரப்பர் டேப் சுத்தி மூடுங்க. கடற்கரைப் பக்கம் எண்டா ஒரு மாரி போதும், மூட்டுக்குள்ள பச்சை பூத்திடும். மறுகா எண் மெல்ல மெல்ல இறங்கும், ஆக்கள் டவரை ஏசுவாங்க.

இரவில மட்டும் பிங் ஏறி, ஆர்எஸ்ஆர்பியும் எஸ்ஐஎன்ஆரும் விடிய இருந்த மாதிரியே நிண்டா அன்டெனா வாங்காதீங்க. அது டவர் நிரம்பினது. பேண்ட் (அலைவரிசை) மாத்தக்கூடிய பெட்டி எண்டா மற்ற பேண்ட்டைப் பூட்டிப் பார்க்கலாம், இல்லாட்டி வேற கொம்பனி சிம் போட்டுப் பார்க்கலாம்.

எட்டு வயர்:
வீட்டுக்குள்ள துள்ளுறவங்களுக்கு மருந்து ரவுட்டரில இருந்து கொம்பியூட்டருக்கு ஒரே ஒரு லேன் வயர். வைஃபையில 2.4 கிகாஹேர்ட்ஸில நிண்டா பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் எல்லாம் அதே இடத்திலதான் சத்தம் போடும். 5க்கு மாறினா நல்லம், ஆனா ரெண்டு கல்சுவர் தாண்டினா படுத்திடும். வயர் 100 மீற்றர் வரைக்கும் போகும். அப்படி நீளமான வீடு ஏறாவூரிலயும் இல்ல.

வாங்கேக்க செம்பா எண்டு பார்த்து வாங்குங்க. அலுமினியத்துக்குச் செம்பு பூசின மலிவு வயர் கிடக்கு. நுனியைக் கத்தியால சுரண்டினா உள்ள வெள்ளி நிறம் தெரியும். ரெண்டு தரம் வளைச்சா முறியும், உப்புக்காத்தில கெதியாக் கெட்டும் போகும். தலை (நுனிப் பிளக்) அடிக்கிற வரிசை: செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள், பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, மண்ணிற வெள்ளை, மண்ணிறம். ரெண்டு முனையும் ஒரே வரிசை. நீலத்தையும் பச்சையையும் சோடி சோடியா அடுக்கிறாக்கள் இருக்கிறாங்க, வடிவாத்தான் இருக்கும், லைன் ஓடாது அல்லது விட்டு விட்டு ஓடும். வேகம் 1000 எம்பிபிஎஸ் காட்ட வேண்டிய இடத்தில 100 காட்டினா நாலு சோடியில ஒண்டு தொடுபடேல்ல. 100க்கு ரெண்டு சோடி போதும், 1000க்கு நாலும் வேணும். தலையை வெட்டிப் புதுசு அடியுங்க.

கல்லடி லெக்:
ரவுட்டரும் நல்லம், வயரும் நல்லம், ஆனா ஒரு நாளில நாலைஞ்சு தரம் பிங் 1,500க்கு ஏறி இறங்குதெண்டா?

மீன்பாடும் பிங்:
அந்த நேரம் வீட்டில ஆரோ ஃபோட்டோ ஏத்துறாங்க. கலியாண வீட்டு வீடியோ கட்டாருக்குப் போகுது, இல்லாட்டி போன் தானா பேக்கப் எடுக்குது. கணக்கைப் பாருங்க. மேல ஏத்துற வேகம் 4 எம்பிபிஎஸ். ரவுட்டருக்குள்ள ஒரு மெகாபைட் வரிசையா நிக்குதெண்டா அது 8 மெகாபிட். கழிய 2 செக்கன். உங்கட சூடு அந்த வரிசையின்ட வாலிலதான் நிக்குது. டவுன்லோட் 100 இருந்தாலும் இதுக்கு உதவாது.

ரவுட்டர்ல கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் (வரிசையை ஒழுங்குபடுத்துற வசதி) இருந்தா ஏத்துற வேகத்தை அளந்து, அதில 85, 90 சதவீதத்தில பூட்டுங்க. வரிசை கட்ட விடாது. 4ஜி எண்டா இரவில வாற குறைஞ்ச வேகத்தை வச்சுப் பூட்ட வேணும், விடிய அளந்ததை வச்சில்ல. அந்த வசதி இல்லாத பெட்டி எண்டா ஃபோட்டோ பேக்கப்பை விளையாடுற நேரம் நிப்பாட்டி வைங்க. விண்டோஸ்ல "மற்றக் கொம்பியூட்டர்களுக்குப் பகிர்" எண்டு ஒரு அப்டேட் அமைப்பு இருக்கு, அதையும் மூடுங்க. உங்கட லைன்ல ஊருக்கு அப்டேட் விநியோகிக்கத் தேவையில்ல.

கச்சான் காத்து:
எல்லாரும் லைனையே பிடிச்சுக்கொண்டு இரிக்கிறியள். பாதி லெக் லைன்லயே இல்ல. பிங் எண் 60ல அசையாம நிக்க, ஃபிரேம் (செக்கனுக்குக் காட்டுற படம்) 110ல இருந்து 40க்கு விழுந்தா அது லேப்டொப் சூடாகிறது. முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடி மறுகா விழும், அதுதான் அடையாளம். ஜூன், ஜூலையில கச்சான் அடிக்கேக்க அறைக்குள்ள 34 பாகை. அந்தக் காத்தைத்தான் லேப்டொப் உறிஞ்சுது. சிபியு 95 தாண்டினா தானே வேகத்தைக் குறைச்சிடும்.

காசில்லாத வைத்தியம் முதல்ல: பவர் அமைப்பில புரொசெசரின்ட உச்ச நிலையை 100ல இருந்து 99 ஆக்குங்க. டர்போ (தானா ஏத்துற மேல்வேகம்) நிக்கும், சூடு பத்துப் பதினஞ்சு பாகை இறங்கும். கேமில ஃபிரேமை 60ல பூட்டுங்க. பின்பக்கத்தை ரெண்டு சோடா மூடி வச்சு உயர்த்துங்க. மெத்தையில வைக்காதீங்க.

அதுக்கும் அடங்காட்டி திறக்க வேணும். எங்கட பக்கம் தூசியும் கடல் உப்பும் சேர்ந்து விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில நனைஞ்ச பஞ்சு மாதிரி ஒரு பாய் விரிச்சிடும். வெளியால நிண்டு ஊதினா அந்தப் பாய் திரும்ப உள்ளுக்குத்தான் போகும். விசிறியைக் கழட்டி, பாயைச் சாவணத்தால உரிச்சு எடுங்க. விசிறி இதழைக் குச்சியால பிடிச்சுக்கொண்டுதான் ஊத வேணும். ஊதுற காத்தில தறிகெட்டுச் சுழல விட்டா பெயாரிங் போகும். சிப்பில இருக்கிற பழைய வெப்பப் பேஸ்டை 99 சதவீத ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்டுத் துடைங்க. லேப்டொப் சிப்பில மூடி இல்ல, அதனால பயறு அளவு வச்சு அமத்தினா மூலை காயும். மெல்லிசா முழுக்கப் பூசுங்க. பக்கத்தில இருக்கிற, வெப்பம் கடத்துற ரப்பர்ப் பட்டை 0.5 மில்லிமீற்றர் எண்டா 0.5தான் போட வேணும். 1 மில்லிமீற்றர் போட்டா தகடு தூக்கி நிண்டு சிப்பில முட்டாது, முந்தியை விடச் சூடு கூடும். "பேஸ்ட் மாத்தியும் சரிவரேல்ல" எண்டு வாறதில இந்தப் பிழை அடிக்கடி கிடக்கும். ஸ்குரூ பக்கத்தில 1, 2, 3, 4 எண்டு எழுதியிருக்கும், அந்த ஒழுங்கில கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

தயிர்ச்சட்டி:
ரேம் குச்சியின்ட தங்கக் கால்களை அழிறப்பரால தேச்சாச் சரியா? எங்கட கடையில எல்லாம் அதுதான்.

கச்சான் காத்து:
சரிவரும், ஆனா தங்கப் பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும், தூள் ஸ்லொட்டுக்குள்ள விழும். ஐசோபுரொபைல், மெல்லிய துணி, ரெண்டு இழுவை. போதும்.

கல்முனை நானா:
நான் அழிறப்பர்க் கட்சி. மெல்லத் தேச்சு, ஸ்லொட்டுக்கு வெளியால தட்டிப் போட்டாப் பிரச்சினை இல்ல.

கச்சான் காத்து:
நானா, ரேம் விக்கிற விலையில அழிறப்பர் வேணாம். 2025 டிசம்பரில ரேம் செய்யிற மைக்ரோன் கொம்பனி "குரூஷல்" பெயரில எங்களை மாதிரி ஆக்களுக்கு விக்கிறதை நிப்பாட்டப் போறன் எண்டு அறிவிச்சிட்டான். ஏஐ சேர்வர்களுக்குத்தான் சரக்குப் போகுது. இருக்கிற டிடிஆர் 4 குச்சியைப் பொன் மாதிரி வைங்க. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத ரைசன் (ஏஎம்டி சிப்) எண்டா ஒரு 16 ஜிபி ரேமை விட ரெண்டு 8 ஜிபி நல்லம், ஃபிரேம் கண்ணுக்குத் தெரியக் கூடும்.

சம்மாந்துறை 404:
விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சதால எல்லாரும் 11க்குப் போய், வலோரன்ட்ல "வேன் 9001" எண்ட பிழையோட நிக்கிறாங்க. 11ல வலோரன்டுக்கு டிபிஎம் 2.0வும் (பாதுகாப்புச் சிப்) செக்கியூர் பூட்டும் (பூட் ஆகேக்க பாக்கிற பாதுகாப்பு) வேணும். பயோஸில டிபிஎம்மை (இன்டெல்ல பிடிடி எண்டு இருக்கும், ஏஎம்டில எஃப்டிபிஎம்) திறந்து, சிஎஸ்எம்மை (பழைய முறையில பூட் ஆகிற வசதி) மூடி, செக்கியூர் பூட்டைத் திறவுங்க. ஆனா அதுக்கு முதல் டிஸ்க் பிரிச்ச முறை ஜிபிடியா (புதுசு) எம்பிஆரா (பழசு) எண்டு பாருங்க. எம்பிஆரோட சிஎஸ்எம்மை மூடினா கொம்பியூட்டர் பூட் ஆகாது. அழாதீங்க, சிஎஸ்எம்மைத் திரும்பத் திறந்தா எல்லாம் அப்படியே கிடக்கும். விண்டோஸோட வாற மாத்துற கருவியால (mbr2gpt) ஜிபிடி ஆக்கிப்போட்டு மறுகா மூடுங்க. பழைய ஒஃபிஸ் பெட்டிகளில டிபிஎம் 1.2தான் இருக்கும். குறுக்கு வழியில 11 ஏத்தினாலும் அதில வலோரன்ட் ஓடாது.

கல்லடி லெக்:
கரண்ட் போனா மெட்ச் போகுது. மினி யூபிஎஸ் எது வாங்க?

எட்டு வயர்:
பெயரைப் பார்க்காத, கணக்கைப் பார். பெட்டியில 10,400 எம்ஏஎச் எண்டு இருந்தா அது 3.7 வோல்ட்டில: 38 வோட்-மணி. மாத்தேக்க 15 சதவீதம் போனா 32. ஃபைபர்ப் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 10 வோட் எண்டா மூணு மணித்தியாலம். அடப்டரைத் திருப்பிப் பார், 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, நடு முனை பிளஸா எண்டு. 9 வோல்ட் ரவுட்டரை 12 ஓட்டையில செருகினா எரிஞ்சு போகக்கூடும். இடி முழங்கினா யூபிஎஸ்ஸை நம்பி இராத, சுவரில இருந்து பிளக்கைக் கழட்டு. பழைய செம்பு டெலிபோன் லைன் எண்டா அந்த வயரையும் கழட்டு, பாதி ரவுட்டர் சாகிறது அந்தப் பக்கத்தாலதான்.

கல்லடி லெக்:
9 வோல்ட், 0.6 அம்பியர். நல்ல காலம், 12தான் ஓடர் போட இருந்தன்.