'கெஸ்' படம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எனக்கு அந்தப் பொடியனை மறக்க முடியவில்லை

ஈசூன்காரன்:
உயர்நிலை 3இல் இலக்கிய வகுப்பில் போட்டார்கள். எல்லோரும் பில்லி என்ற பையன் வளர்க்கும் வல்லூறைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்தப் பிரம்படிக் காட்சிதான். சிகரெட்டோடு மாட்டியவர்கள் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கிறார்கள், ஏதோ தகவல் சொல்ல வந்த பொடியனின் பையில் தங்கள் சிகரெட்டுகளைத் திணிக்கிறார்கள், அவனுக்கும் சேர்த்து விழுகிறது. அது நடிப்பில்லை, நிஜ அடி என்று பிறகு படித்தேன். அன்று வகுப்பே சிரித்தது, நானும்தான். அடுத்த வாரம் வருகைப் பதிவேட்டைக் கொடுக்கப் போனேன், ஒழுங்கு ஆசிரியர் அறை வாசலில் ஏற்கெனவே நாலு பேர். "நீயுமா?" என்றார். பதிவேடு கையில் இருக்கிறது, வாய் வரவில்லை, மற்ற கை மட்டும் தானாக நீண்டது. அடி விழவில்லை.

மெர்போக் வீடு:
தம்பி, படத்தின் உயிர் அதுவா? பில்லி வகுப்பில் எழுந்து நின்று வல்லூறைப் பழக்கும் விதத்தைச் சொல்வானே, அதை விட்டுவிட்டீர்கள். எங்கள் அப்பா ஞாயிறானால் மெர்போக் புறாக் கூண்டோடு கெபுன் பாரு பறவைப் பாட்டுத் திடலுக்குப் போய்விடுவார், கம்பத்தில் ஏற்றிவிட்டு அண்ணாந்து நிற்பார். வீட்டில் பேச்சே இல்லாத மனிதர், அங்கே வாய் ஓயாது. அவரோடுதான் படம் பார்த்தேன். அண்ணன் கொன்று போட்ட பறவையைக் குப்பைத் தொட்டியிலிருந்து பில்லி எடுத்ததும் அப்பா எழுந்து போய், எங்கள் மெர்போக் கூண்டுக்குத் துணி போர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பழைய தெம்பனிஸ்:
கூண்டில் அடைத்து வைத்துக்கொண்டு இந்தப் படத்துக்கு உருகுவது எப்படியோ! என் கதை சின்னது. மகனுக்கு ஓ நிலை முடிவு வந்த வாரம் பார்த்தேன், வேலை ஆலோசகர் பில்லியிடம் சுரங்க வேலையைப் பற்றிக் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். சரி, பார்க்கப் போகிறவர்கள் வசனவரி போட்டுக்கொள்ளுங்கள், வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ப் பேச்சு காதில் ஏறாது, அமெரிக்காவுக்கு அனுப்பியபோது சில இடங்களில் குரலையே மாற்றினார்கள். பேரி ஹைன்ஸின் 1968 நாவலை முதலில் படியுங்கள், அதை வைத்து கென் லோச் இயக்கிய படம் மறு வருடமே வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். அப்புறம், அண்ணன் குதிரைப் பந்தயத்தில் கட்டக் கொடுத்த பணத்தில் பில்லி சிப்ஸ் வாங்கித் தின்றதை யாரும் சொல்வதில்லை, பாதித் தப்பு அவன் மேல்.

ஈசூன்காரன்:
சிப்ஸ் தின்றதற்குப் பறவையைக் கொல்வதா அண்ணே? நான் கேட்டது அந்தப் பொடியனைப் பற்றி. வாயைத் திறக்கும்போதெல்லாம் தலைமையாசிரியர் அடக்கிவிடுவார். அவன் என்ன தகவல் கொண்டுவந்தான் என்று யாருக்காவது தெரியுமா?