புதுப்பிப்பு: காலை 6 மணி விசேஷம் காலண்டரில் 11:30 ஆன கதை

போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா, கிரகப்பிரவேசத்துக்கு ஒரு லிங்க் தட்டினால் கூகுள் காலண்டரில் ஏறுகிற மாதிரி செய்து சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், காலை 6 மணி எல்லோருக்கும் 11:30 என்று காட்டுகிறது என்று. பெரியம்மா போன் போட்டு "வெள்ளிக்கிழமை பதினொன்றரை ராகு காலம்டா, எந்த ஜோசியர் குறிச்சுக் கொடுத்தார்?" என்று கேட்டதுதான் மிச்சம்.

சரி, கண்டுபிடித்துவிட்டேன். லிங்க்கில் தேதி, நேரத்துக்குப் பின்னால் ஒரு இசட் எழுத்து இருந்தது. எங்கிருந்தோ காப்பி அடித்தது, நான் கவனிக்கவே இல்லை. அது இருந்தால் உலகப் பொது நேரம் என்று அர்த்தம், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால், 6 மணி 11:30 ஆகாமல் என்ன செய்யும்! இசட்டை எடுத்துவிட்டு கடைசியில் எந்த ஊர் நேரம் என்று சொல்கிற 'சிடிஇசட்' (ctz) என்ற இடத்தில் ஏசியா/கொல்கத்தா (Asia/Kolkata) என்று போட்டதும் சரியாகிவிட்டது.

தலைப்பில் இடைவெளி வந்த இடத்தில் லிங்க் அறுந்ததற்கும் வழி கிடைத்தது: இடைவெளிக்குப் பதில் %20. தமிழ் எழுத்துகளையும் இப்படி % போட்ட குறியீடுகளாக மாற்றினால் லிங்க் அனுமார் வால் மாதிரி நீள்கிறது, ஆனால் வேலை செய்கிறது.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். அவரவர் காலண்டரில் ஏறுவது தனிப் பிரதி, நான் இங்கே திருத்தினால் அங்கே மாறாது. பெரியம்மாவுக்குப் பழையதை அழித்துவிட்டுப் புதிதைப் போடச் சொல்லியிருக்கிறேன். அவர் பத்திரிகையை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாராம்.