ஃபோர் வீல் லீவர் இறுகிவிட்டது, கழற்ற வேண்டுமா?

உசிலம்பட்டியிலிருந்து: அப்பாவின் பழைய டீசல் ஜீப்பைக் கொட்டகையிலேயே பிரித்துச் சரிசெய்துவிட்டேன். நேற்று வாலாந்தூர் வரை தார் ரோட்டில் ஃபோர் வீலில் (நான்கு சக்கரமும் இழுக்கும்படி) போனேன். அப்புறம் லீவர் டூ வீலுக்கு வரவே மாட்டேன் என்கிறது. முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்ற வேண்டுமா அண்ணே?

திருமங்கலத்திலிருந்து: கழற்றாதீங்க தம்பி! அந்த ஜீப்பில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே, இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காததால் முறுக்கம் பல்சக்கரங்களில் தங்கிவிடும். நேராக 10 அடி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே லீவரைத் தள்ளுங்கள். வராவிட்டால், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள்.

சோழவந்தானிலிருந்து: நான்கு டயரும் ஒரே அளவா? முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்றால் நேர் ரோட்டிலேயே இறுகும்.

உசிலம்பட்டியிலிருந்து: ரிவர்ஸிலேயே விடுபட்டுவிட்டது, ரொம்ப நன்றி அண்ணே! பின்டயர் இரண்டும் மொட்டை. மாற்றும்வரை ஃபோர் வீல் கண்மாய்ச் சேற்றில் மட்டும்தான்.